முப்பத்தேழு புள்ளி நான்கு

பொறியியல் கல்லூரியின் ஆய்வகத் தேர்வுக்கு எக்ஸ்டர்னல் தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் தாணுமாலயன் தாள்களைப் புரட்டினார். இரும்புக் கம்பி எவ்வளவு இழுவிசையில் அறுந்தது என்ற கேள்விக்கு இருபத்தைந்து பேர் எழுதியிருந்ததும் முப்பத்தேழு புள்ளி நான்கு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவது எங்கேயும் உள்ள வழக்கம்தான். கடைசித் தாளில் மட்டும் பூஜ்யம் இருந்தது.

"யாரும்மா பெனிட்டா? இழுக்காமலே கம்பி அறுந்துடுச்சா?"

"இழுத்துத்தான் அறுந்தது சார். ஆனா மெஷின்ல முள்ளு அசையவே இல்ல. அது காட்டுனதத்தான் எழுதினேன்."

"அப்போ மத்தவங்களுக்கு மட்டும் அசைஞ்சுதா?"

"அந்த நம்பர மொதல்ல எழுதின ஆளத்தான் சார் கேக்கணும்."

தாணுமாலயன் எழுந்துபோய் இயந்திரத்தின் முன் நின்றார். வட்டக் கண்ணாடிக்குள் முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே அறையில் மாணவனாக நின்ற நாளில், அசையாத இதே முள்ளைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் அவர் மனம்போன போக்கில் எழுதிவைத்த எண்தான் முப்பத்தேழு புள்ளி நான்கு. அன்று அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டார்கள்.

"சார், தேர்வு முடிய நாப்பது நிமிஷம் இருக்கு. தொறந்து பாத்துடலாமா?"

பெனிட்டா பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டாள். அவர் மதிப்பெண் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடி விழுந்துவிடாதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா திருப்பும்மா. இருபத்திரண்டு வருஷமா இத யாரும் தொறக்கல."

அவள் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திருப்பு" என்றார் அவர்.