வாடகைப் பூக்கள்

"இன்னும் நெருக்கமா வையும், தம்பி. இடைவெளி தெரியக்கூடாது" என்றார் தியாகராஜா.

கணேசலிங்கம் பூந்தொட்டியைத் தொப்பென்று இறக்கினான். லண்டனின் குரோய்டன் பகுதியில் மூடிக் கிடக்கும் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையின் பின்முற்றம் அது; அதன் பொறுப்பாளர் தியாகராஜா. தொட்டிகளை வாடகைக்கு விடும் கடைக்கு அவன் வான் ஓட்டுகிறான். காலையிலிருந்து இது இரண்டாவது லோடு; வாசலில் இறக்கிய முதல் லோடைத் தியாகராஜா தானே நடுவில் அடுக்கியிருந்தார்.

"ஆருக்கு அண்ணை இவ்வளவு சோடினை?"

"ஹார்லன் ப்ரிக்ஸ் வாறார். இடத்தை வாங்க."

கணேசலிங்கம் நிமிர்ந்தான். அந்த அமெரிக்கரின் படம் அடிக்கடி பத்திரிகையில் வரும். கடன் வாங்கிக் கம்பனிகளை வாங்குவார், மூடுவார், துண்டு துண்டாக விற்பார். 1984இல் பக்கத்து ஊரான சட்டனில் அவர் அப்படி மூடிய தொழிற்சாலையில்தான் இவர்கள் இருவரும் வேலை செய்தார்கள். தியாகராஜாவின் தமையன் தில்லையம்பலமும் அங்கேதான். வேலையோடு ஓய்வூதியமும் போயிற்று. தில்லையம்பலம் அடுத்த தைப்பொங்கலைக் காணவில்லை.

"உங்கட அண்ணையின்ர செத்தவீட்டில, அவனை விடமாட்டன் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஐஞ்சு வருசமாப் போச்சு. முதலாளி விக்கச் சொல்லுறார், விக்கிறன்."

"அப்ப ஆலாத்தியும் எடுங்கோவன். உந்தப் பூவை நிலத்தில நட்டிருந்தா வாடகையாவது மிஞ்சியிருக்கும்."

"இங்க நட ஏலாது. உந்தத் தொட்டியை அந்த மூலையில வையும்."

நண்பகலில் நீளமான கறுப்புக் கார் வந்தது. ப்ரிக்ஸ் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, முற்றம் நிறைந்த சிவப்புப் பூக்களைப் பார்த்தார்.

"அழகான இடம். இருநூறு வீடு கட்டலாம்."

"ஒரு மாதம் பொறுத்தால் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம்" என்றார் பக்கத்திலிருந்த அவருடைய வழக்கறிஞர்.

"தாராளமாக" என்றார் தியாகராஜா. "நாளை இன்னொருவர் பார்க்க வருகிறார்."

ப்ரிக்ஸ் சிரித்தார். இடத்தை உள்ளது உள்ளபடியே ஏற்பதாக, பத்திரத்தை முழங்காலில் வைத்தே கையெழுத்திட்டார்.

"நாம் முன்பே சந்தித்திருக்கிறோமா?"

"இல்லை."

அது உண்மைதான். சட்டனிலும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

மாலையில் தொட்டிகளை ஏற்ற வந்த கணேசலிங்கம், தியாகராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "வித்துப்போட்டியள் போல."

"ஓம்."

"தில்லையம்பலம் அண்ணை இருந்திருந்தா உங்கட முகத்தில துப்பியிருப்பார்."

தியாகராஜா ஒரு தொட்டியைத் தூக்கினார். கணேசலிங்கம் நடுவிலிருந்த நாலைந்தை அகற்றினான். பிறகு நின்றுவிட்டான்.

கீழே நிலம் மஞ்சளும் பச்சையுமாக வெந்து கிடந்தது. ஒரு புல் இல்லை. நெடி தொண்டையைப் பிடித்தது.

"இதென்ன அண்ணை?"

"முலாம் பூசின கழிவு. நாப்பது வருசமா இதுக்குள்ளதான் ஊத்தினவை. ஆழத்துக்குத் தோண்டி அள்ளிற வரைக்கும் கவுன்சில் ஒரு கல்லும் வைக்க விடாது."

கணேசலிங்கம் சப்பாத்து நுனியால் மண்ணைக் கிளறினான். அது நுரைத்தது. "அள்ள எவ்வளவு செலவு வரும்?"

தியாகராஜா தொட்டியை வானுக்குள் மெதுவாக இறக்கி வைத்தார்.

"அவனிட்ட இருக்கிறது முழுக்க."