தகரச் சத்தம்

"போயும் போயும் இந்தத் தகர டப்பாவயா கேக்கற?"

பாரிமுனையில் அந்த இசைக்கருவிக் கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார் தேசப்பன். கிட்டார் வாசிக்கும் வரதன் தலையை மட்டும் ஆட்டினான்.

தேசப்பன் ராயபுரத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பாடகர், முதலாளி, மேனேஜர் எல்லாம் அவரே. இடுப்பில் பேஜர் உண்டு. அது அடித்து யாரும் கேட்டதில்லை.

வரதனின் கிட்டாரில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் செத்துப்போயிருந்தது. தந்தியின் துடிப்பை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற காந்தக் கட்டை அதுதான். புதிதாகப் போடுவது என்றானதும் தேசப்பனுக்கு ஆசை பெருகிவிட்டது. அந்த ஒரே கிட்டாரில் மெலடியும் கேட்க வேண்டும், குத்துப் பாட்டும் கேட்க வேண்டும், முடிந்தால் நாதஸ்வரமும் கேட்க வேண்டும்.

கடைக்காரர் இரண்டு வித பிக்கப் போட்ட கிட்டார்களை வாசித்துக் காட்டினார். ஒன்றில் சத்தம் திரண்டு, உருண்டு வந்தது. மற்றது ஒல்லியாகக் கிணுகிணுத்தது. வரதன் கை வைத்தது அந்த ஒல்லியில்.

"கும்முனு கீற சாமான வுட்டுட்டு இத்த எட்த்துக்கினு வந்து நிக்கறான் பாரு சார்" என்று கடைக்காரரிடம் முறையிட்டார் தேசப்பன்.

"இதான் எல்லாத்துக்கும் ஆவும்ணா."

"எல்லாத்துக்கும்னா இன்னாத்துக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

விவரமாகப் பேசத் தெரியாதவனிடம் என்னத்தைப் பேசுவது. "வாசிக்கப்போறது நீ. மேடைல மட்டும் மானத்த வாங்கின, அப்பால கீது உனக்கு" என்றார்.

மானம் போகத்தான் செய்தது. குத்துப் பாட்டில் கிட்டார் இடிக்க வேண்டிய இடத்தில் ஈனஸ்வரத்தில் முனகியது. கேட்கவே பாவமாக இருந்தது.

அதைவிட மோசம், மேண்டலின் வரும் இடங்கள். குழுவின் எலக்ட்ரிக் மேண்டலின் கலைஞர் உசேன் பாய். தேசப்பன் மரியாதையாகப் பேசுகிற ஒரே ஆள். பாய் இருந்தால் வாருங்கள் என்று சொல்லித்தான் பல கல்யாண வீடுகளில் குழுவையே அழைப்பார்கள். மேண்டலின் அங்கே கொஞ்ச ஆரம்பித்தால், இங்கே கிட்டார் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

"பாய் மேண்டலின எட்த்தா நீ இன்னா, வெத்தல போட்டுகினு கீறியா?"

"இல்லண்ணா."

"பின்னாடி ரிதம் எங்கடா? மனுசன் தனியா நின்னு வாசிக்கிறாரு."

"அடுத்த தபா பாத்துக்கறேண்ணா."

அடுத்த தடவையும் அதே கதைதான். முன்பெல்லாம் மேடை விளிம்புக்கு வந்து தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பவன், இப்போது பாயின் நாற்காலிக்குப் பின்னால் இருட்டில் போய் நின்றுகொண்டான்.

"சொரண கீறவன் ஒளியத்தான் செய்வான்" என்றார் தேசப்பன். குழுவே சிரித்தது. வரதனும் கூடவே சிரித்து வைத்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஒரு பாட்டின் நடுவில் நீளமான மேண்டலின். பெண்ணின் மாமா மேடையேறி வந்து உசேன் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார். பாய் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்ன அடக்கம் என்று மண்டபமே மெச்சியது.

கச்சேரி முடிந்து மற்றவர்கள் பந்திக்குப் போய்விட்டார்கள். மேடையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த வரதனிடம் வந்தார் தேசப்பன். பாய் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வரதா, நாளைலேந்து நீ வர வாணாம்."

"சரிண்ணா."

"இன்னா சரி? ஏன்னுகூட கேக்க மாட்டியா? பாய பாரு. அந்த மேண்டலினு அழுவுது, சிரிக்குது, பேசுது. நீ அவரு பக்கத்துல நிக்கவே லாயக்கில்ல. எத்தினி வருசமா இந்தத் தொழில்ல கீறேன், யாரு கை எப்பிடின்னு எனக்குத் தெரியாதா?"

வரதன் அடுத்த ஒயரை எடுத்துச் சுருட்டினான்.

"நீங்களே சொல்லுங்க பாய். உங்க வாசிப்புக்கு இவன் ஒரு கேடா?"

பாய் வாயைத் திறக்கும் முன், வேண்டாம் என்று வரதன் அவசரமாகத் தலையசைத்தான்.

"நிறுத்தறதுன்னா என்னிய நிறுத்து தேசப்பா" என்றார் பாய்.

"இன்னா பாய் இது? இவனுக்காக நீங்க ஏன்..."

பாய் இடது கையை நீட்டினார். "கிள்ளு."

"பாய்..."

"நெகத்தால நல்லா கிள்ளு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நோம்புலேந்து வெரலெல்லாம் மரத்துப் பூட்ச்சு. மருந்து சாப்ட்டா சரியாவும், கொஞ்ச நாளாவும்னாரு டாக்டரு. அதுக்குள்ள நீ வேற ஆளப் போட்டுட்டா என் பொழப்பு இன்னாவறது? அதான் அந்தத் தகர டப்பாவ கேட்டு வாங்கினான்."

தேசப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. வரதனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ இத்தினி நாளா கேட்ட மேண்டலினு, அவன் கிட்டாருதான்யா. என்னுதுல நான் ஒயரே சொருவறதில்ல."