தலை நுழையும் இடைவெளி

மேலே தூக்கித் திறக்கும் கதவு ஆபத்து என்று சொல்லி, இரண்டாவது கூட்டையும் ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

ஜெயமலர் மேடம் குனிந்து அந்தக் கதவைப் பார்த்தார். ஒரு விரலால் தூக்கினார். விட்டார். மறுபடியும் தூக்கினார்.

"தலையால முட்டியே தூக்கிருமுங்க," என்றேன்.

காசு மேசையிலிருந்து முதலாளி ஸலீம் நானா என்னை முறைத்தார்.

பதுளையில் அவருடைய மீன், பறவைக் கடையில் நான் சேர்ந்து இருபது நாள். விலங்கியல் படித்த பிள்ளை என்று ஆசைப்பட்டுத்தான் வேலை தந்தார். இருபது நாளும் மீனுக்குத் தண்ணீர் மாற்றினேன். கடைக்கு வந்தவர்களிடம் வாய் திறக்கவில்லை.

நேற்று சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒரு கூடாவது வித்துக் காட்டு புள்ள. இல்லாட்டி திங்கக்கெழம வர வாணாம்."

வராவிட்டால் மடுல்சீமைக்குத் திரும்ப வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரிடமும், மகளுக்கு டவுனில் ஒபிஸ் வேலை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார்.

அதனால்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மேடத்தின் கணவர் அரசாங்க உத்தியோகத்தர். கொழும்பு நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு ஜோடி சுகர் கிளைடர் கொடுத்திருந்தார். அணில் அளவுதான் இருக்கும். கைக்கும் காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து, மரம் விட்டு மரம் மிதந்து போகும்.

போன சனிக்கிழமை மேடம் முதல் தடவை வந்து விசாரித்தபோது, "சுகரா? எனக்கே ஆறு வருஷமா இருக்கு," என்றார் ஸலீம் நானா. பிறகு விஷயம் விளங்கி, அவரே ஒரு கிழமை தவணை கேட்டார். நான் நெட் கபேயில் உட்கார்ந்து படித்தேன்.

மூன்றாவது கூட்டின் கம்பிகளுக்கு நடுவே பேனையை நுழைத்துக் காட்டினேன்.

"அரை அங்குலத்துக்கு மேல இருக்கக்கூடாதுங்க. தலை நுழைஞ்சா ஒடம்பும் நுழைஞ்சிரும்."

"கதவும் பிழை, கம்பியும் பிழை எண்டா, எதால கெதியாத் தப்பும் பிள்ளை?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒரு ராத்திரி போதும்."

அவர் தலையை ஆட்டினார். என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு வாசித்தபோது பின்வரிசை கடலை சாப்பிட்டது.

நாலாவது கூட்டில் கம்பிப் பூச்சு உரிந்திருந்தது. "இதுல நாகம் இருக்குங்க. நக்கினா வெஷம்."

"பாம்புக் கதையெல்லாம் சொல்லி யாவாரத்தக் கெடுக்காத," என்று பல்லைக் கடித்தார் ஸலீம் நானா.

"பாம்பு இல்ல நானா. துத்தநாகம்."

மேடம் சிரித்துவிட்டார். "வடிவா விளங்கப்படுத்துறீங்கள். இவருக்கு உதுகள் எண்டா உயிர். கந்தோர் வேலை முடிஞ்சு வந்த உடன சட்டைப் பைக்குள்ள விட்டிடுவார். சாப்பாடும் அதுகளோட. கதையும் அதுகளோடதான்."

"பழகிருச்சுன்னா அப்பிடித்தாங்க," என்றேன். படித்ததிலும் அப்படித்தான் இருந்தது.

ஐந்தாவது கூட்டைக் கடைசிக்கென்றே வைத்திருந்தேன். நெருக்கமான கம்பி. உரியாத பூச்சு. பக்கவாட்டில் திறக்கும் கதவு, அதற்குத் திருகிப் பூட்டும் கொக்கி. தூக்கிக் குலுக்கியும் காட்டினேன்.

"இதுல இருந்து ஒண்ணுமே வெளிய போவாதுங்க."

மேடம் அதைத் தொடவில்லை.

"அந்த ரெண்டாவதைத் தாங்கோ," என்றார்.

லவ்பேர்ட்ஸுக்கென்று வந்த பச்சைக் கூடு அது. ஒரு வருடமாக ஸலீம் நானாவால் தள்ள முடியாத சரக்கு. அவர் எழும்பி வந்து, லேஞ்சியை எடுத்து அதன் தூசியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

நான்தான் எங்கேயோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

"மேடம், அதுலதான் அந்தக் கதவு..."

"தெரியும் பிள்ளை." அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்பியால தப்பினா உங்கட கடைக்கு வந்து சண்டை பிடிப்பார். கதவால எண்டா, தான்தான் சரியாப் பூட்டேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுவார்."

ஐந்தாவது கூட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வெளிய பூனை இருக்குமுங்க. குளிரும் தாங்காது."

"வீட்டுக்குள்ள நானும் இருக்கிறன்தானே."

அதில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு கைப்பையைத் திறந்துகொண்டே, "ஒரு துண்டும் எழுதித் தாங்கோ," என்றார். "எழுத்தில இருந்தாத்தான் அவர் நம்புவார்."

ஸலீம் நானா பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தார். "இந்தாங்க மிஸ்," என்று பேனையையும் எடுத்து நீட்டினார். அந்த நிமிஷம் வரை நான் 'புள்ள'.

'இக்கூடு பாதுகாப்பானது' என்று எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை.

கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மேடம் வாசித்துவிட்டு, துண்டை மறுபடி என் பக்கம் தள்ளினார்.

"பட்டத்தையும் போடுங்கோ."

போட்டேன். பட்டம் வாங்கி இரண்டு வருடத்தில், அதை என் பெயருக்குப் பின்னால் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.