தலைக்கு வந்த பந்து

கார்னரிலிருந்து உயர வந்த மூன்றாவது பந்துக்கும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோச்சுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தலை எதுக்கும்மா இருக்கு, ரிப்பன் கட்டவா? உங்கப்பா தலையால முட்டி முட்டியே நாட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரு!"

இன்றைக்குத்தான் அணித் தேர்வு. இந்த ஓர் இடத்துக்காக வருஷக்கணக்கில் நாய் படாத பாடு பட்டிருக்கிறாள். காலால் இரண்டு கோலும் போட்டாயிற்று. கேலரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, யார் கோல் போட்டாலும் எழுந்து எழுந்து கைதட்டினார்.

"இதுதான் கடைசி. முட்டினா டீம்ல இடம். இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு."

பந்து நெற்றிக்கு நேராக வந்தது. அவள் பின்வாங்கி மார்பில் வாங்கினாள்.

"உங்கப்பாவைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?"

"அவரைப் பாத்துத்தான் சார் கத்துக்கிட்டேன்."

"வாய் மட்டும் நீளம். கிளம்பு, கிளம்பு!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேலரிக்கு ஏறினாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமான ஆட்டம்மா! உன் பேரு என்ன? நீ யார் வீட்டுப் பொண்ணு?"