பதினைஞ்சார்

"இந்த ஆளை யாரும்மா நடமாட விட்டது?" என்றார் ரத்தப் பரிசோதனைக்கூட இயக்குநர், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

லென்ஸுக்குள், இளஞ்சிவப்பு வானத்தில் நூறு நிலாக்களாக ரத்த அணுக்கள் மிதந்தன. எல்லாமே வெறும் விளிம்பு, நடுவில் காலி.

ரத்தம் தடவிய அந்தக் கண்ணாடிச் சில்லைத் தட்டிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துக் கொடுத்தவர், தரச்சான்று கொடுக்க வந்திருந்த அதிகாரி. இயக்குநருக்குப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

"மெஷினை நம்பலாம், கண்ணை அதைவிட நம்பலாம். இவருக்கு ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாது. எழுதிக்குங்க."

கொஞ்ச நாளாக இயக்குநர் நடப்பதில்லை, மிதந்துகொண்டிருந்தார். படியேறினால் காதுக்குள் கடல் இரைந்தது. மேடையில் எழுந்தால் கூட்டத்தின் ஓரமெல்லாம் மங்கிப் பொன்துகள் பறந்தது. புகழ் வந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று இருந்துவிட்டார்.

புகழுக்கும் குறைவில்லை. வட்டாரத்தில் ரத்தசோகை மளமளவென்று குறைந்திருந்தது. எல்லாம் தம் விழிப்புணர்வுச் சொற்பொழிவுகளின் பலன் என்று அறிக்கையும் விட்டாயிற்று.

வீட்டிலும் அதே அதிசயம். மனைவியின் ஹீமோகுளோபின் மாதாமாதம் ஏறி, இன்று காலை பன்னிரண்டைத் தொட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்தால் மேசையிலேயே போய்விடுவாள் என்று மிரட்டிக்கொண்டிருந்த சர்ஜன், நாளைக்கே ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்.

"சரி, மெஷின்ல இவருக்கு எவ்வளவு?" என்றார் அதிகாரி.

ரத்தம் எடுக்கும் ஊசி அக்கா சில்லின் நம்பரைப் பதிவேட்டில் பார்த்தாள்.

"பதினைஞ்சு, சார்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. இயக்குநருக்குப் புரிந்தது.

மற்ற பரிசோதனைக்கூடங்கள் காலையில் மெஷினைச் சரிபார்க்க, அளவு தெரிந்த ரத்தத்தைப் புட்டியில் வாங்கும். தன்னம்பிக்கை இல்லாதவர்கள் வாங்கட்டும் என்று இவர் தம் கையையே நீட்டிவிடுவார்; இன்று காலையும் நீட்டியிருந்தார். என்றைக்கோ ஒருநாள் அவருக்குப் பதினைந்து வந்தது. அன்றிலிருந்து மெஷின் என்ன காட்டினாலும், அவர் ரத்தத்துக்குப் பதினைந்து காட்டும்வரை அதைத் திருகுவார்கள். அவர் காதில் விழாத தூரத்தில் அவருக்குப் பெயரே பதினைஞ்சார்.

அவர் ரத்தம் இறங்க இறங்க, மெஷினில் ஊரே ஏறியிருக்கிறது.

அறை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பெட்டி கட்டியாச்சு. எப்ப வர்றீங்க?"

அவள் குரலில் பல வருஷமாகக் கேட்காத துள்ளல்.

"ஆபரேஷன் நாளைக்கு இல்லம்மா" என்றார். "ஆனா பெட்டியைப் பிரிக்காத. என் துணியும் ரெண்டு எடுத்து வை."

"உங்க துணி எதுக்கு? பொம்பளைங்க வார்டுல உங்களைத் தங்க விடுவாங்களாக்கும்!"

அவள் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.