பெயரில்லாத வட்டம்

தையல் கடையில் மதிய வெயில் மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரி நேற்று வாங்கிய போன், பழைய போட்டோக்களை முகம் முகமாகப் பிரித்து வட்டங்களில் அடுக்குகிறது. மகள், தங்கை, பாதி மூக்கோடு கணவர். நான்காவது வட்டத்தில் மங்கலாக ஓர் ஆள். கீழே, ‘இவர் யார்? 41 படங்கள்’. தொட்டுப் பார்க்கிறாள். பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், பூங்கா என்று மகள் சிரிக்கிற படங்களில் எல்லாம் அவன் தூரத்தில் நிற்கிறான். “யாருடி இது?” மகள் எட்டிப் பார்க்கிறாள். “என்னம்மா, தெரியலையா? வாராவாரம் பட்டன் தைக்க வருவாரே, அந்த மாமா.” கதவு கிறீச்சிடுகிறது. “அக்கா, மறுபடியும் பட்டன் போச்சு.” அவன் நீட்டும் சட்டையை வாங்குகிறாள். இன்றுதான் பார்க்கிறாள்: நூல் இற்றுப்போகவில்லை, பிளேடால் அறுபட்டிருக்கிறது.