கொல்லைப்பக்கம் ஒரு போன்

நிலக்கரி மைன்ஸ் சைரன் ஊதி ஓய்ந்த நேரத்தில் போன் அடித்தது. பொற்கொடி அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். பழைய போன், அந்தப் பக்கத்துச் சத்தம் நாலு பேருக்குக் கேட்கும். முந்தானையால் மூடிக்கொண்டு, "சொல்லுங்க," என்றாள்.

திரும்பினால் கதவோரம் மாமனார் அய்யனார். நேற்றும் இப்படித்தான் நின்றார்.

"யாரும்மா போன்ல?"

"உங்க மவன்தான் மாமா."

"அதுக்கு ஏன் இங்க வந்து ஒளிஞ்சிக்கினு பேசற?"

அவளுக்குச் சுருக்கென்றது. புருஷன் வெளிநாட்டில் இருந்தால் போதும், அவனைப் பெற்ற அப்பனே மருமகளை வேவு பார்க்கிறான்.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. புருஷன் நிலவன் நிலக்கரி வெட்டப் போன நாட்டில் பாசிசப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துத் தொழிலாளிகளைச் சுட்டது. எதிர்த்துச் சண்டை போடப் பல தேசத்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நிலவனும் அவர்களோடு துப்பாக்கி தூக்கிவிட்டான். இப்போது ஏதோ ஒரு ஆற்றுப்பாலத்தைப் பிடிக்கச் சண்டை. 'அப்பா நெஞ்சுவலிக்காரரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு' என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

தூரத்தில் மைன்ஸ் வெடி அதிர்ந்தது. வீட்டுக்குள் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அய்யனார் அசையவில்லை. மைன்ஸ் காண்ட்ராக்டில் வேலை பார்த்த காலமெல்லாம், வெடிக்கு முன் சைரன் ஊதியதும் சிவப்புக் கொடி பிடித்து ஆட்களை விரட்டியவர்.

"போனைக் குடும்மா."

"அவ்ளோ சந்தேகமா? இந்தாங்க! உங்க மவனா, வேற எவனாச்சுமான்னு நீங்களே கேளுங்க!" ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"யப்பா, நல்லாருக்கியா? நான் வேலையிலதாம்ப்பா இருக்கேன்..."

நிலவன் குரல்தான். அவன் முடிப்பதற்குள் போனுக்குள் ஒரு வெடி. அடுத்து இன்னொன்று. அதற்கப்புறம் சைரன் அலறியது. "அப்புறமா பேசறேம்ப்பா!" லைன் அறுந்தது.

பொற்கொடி முந்திக்கொண்டாள். "பிளாஸ்டிங் மாமா. நம்ம மைன்ஸ் மாதிரியேதான்."

அய்யனார் போனைத் தன் துண்டில் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"உம்மேல எனக்கென்னம்மா சந்தேகம்? தெனமும் அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் வந்து நின்னுக்கினு இருக்கேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்து, தன் பெண்டாட்டி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"சைரனுக்கு முந்தி எந்த மைன்ஸ்லம்மா வெடி வெப்பான்?"